பெடல்களுக்கு ஒரு மின்பெட்டி

யாழ்ப்பாணத்தில் கிற்றார் வாசிக்கும் ஒருவருடைய அடப்டர் பையைத் திறந்து பார்த்தால், அவருடைய சொந்தக்காரர் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். என்னுடைய பையில் லண்டன் மாமாவின் சதுர முள், பாரிஸ் சித்தியின் உருண்டை முள், கிற்றாரின் சத்தத்தை மாற்ற காலால் மிதிக்கும் பெட்டியான பெடலோடு சேர்த்து ரொறன்ரோ மச்சான் அனுப்பிய தட்டை முள் எல்லாம் கிடந்தன. தட்டை முள்தான் ஆபத்தானது. அது 120 வோல்றுக்கு என்று செய்த, கையில் எடுத்தால் பாரம் தெரிகிற பழைய வகை அடப்டர். வடிவம் மாற்றும் பிளக் ஒன்றைப் போட்டு எங்கள் 230 வோல்றில் செருகினால் உள்ளே இருக்கும் ரான்ஸ்போமர் கருகிவிடும். அடியில் 100–240 என்று எழுதியிருந்தால் மட்டும் தைரியமாகச் செருகலாம்.

சரி, எல்லாம் பொருந்தும் அடப்டர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மேடையில் தருவது ஒரு மல்ரி பிளக். அடப்டரின் உடம்பு பக்கத்து ஓட்டையையும் மூடிவிடும். ஆறு பெடலுக்கு ஆறு அடப்டர் கொண்டுபோனால் மூன்றுதான் ஏறும். கோயில் திருவிழாவில் முந்தைய நிகழ்ச்சி முடிந்து நாங்கள் ஏறுவதற்குள் கிடைக்கிற கொஞ்ச நேரம் முழுவதும் வயர் பிரிப்பதிலேயே போய்விடும். தனித்தனி வெளியீடுகள் உள்ள தயார் மின்பெட்டிகள் வெளிநாட்டுக் கடைகளில் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு பெடலே வாங்கலாம் என்பதால் நானே செய்யத் தொடங்கினேன்.

முதல் வேலை கணக்கு. பெடல் ஒவ்வொன்றும் எத்தனை மில்லி அம்பியர் இழுக்கும் என்று அதன் அடியிலோ கையேட்டிலோ இருக்கும். என்னிடம் உள்ளவற்றில் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பொஸ் டிஎஸ்-1 டிஸ்ரோஷன் வெறும் 4. அதையே மென்மையாகச் செய்யும் ஐபனீஸ் ரிஎஸ்9 ஓவர்டிறைவ் பத்துக்குள். ஒரு கிற்றாரைப் பல கிற்றார் போலக் கேட்கவைக்கும் அனலொக் கோரஸ் இருபதுக்குள். சுருதி பார்க்கும் பொஸ் ரீயூ-3 ரியூனர் சாதாரண வெளிச்சத்தில் 30, வெயிலில் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினால் 85. இந்த நாலையும் சேர்த்தால் வெளிச்சம் கூட்டியும் 120க்குள் அடங்கிவிடும். சத்தத்தை எண்களாக்கிச் சிப்பால் மாற்றும் டிஜிற்றல் பக்கம் வேறு கதை. எதிரொலி தரும் பொஸ் டிடி-7 டிலே 55, பல எபெக்ற்றுகள் சேர்ந்த சூம் எம்எஸ்-50ஜி தனியாகவே 200. ஆக மொத்தம் 375க்கு அக்கம்பக்கம். எல்லாமே 9 வோல்ற் நேரோட்டம் (டிசி), எல்லாமே நடுவில் மைனஸ் உள்ள பிளக்.

இந்தக் கூட்டலைப் பார்த்தால் அரை அம்பியர் தருகிற ஒரேயொரு அடப்டரும், ஒரே வயரில் வரிசையாக எட்டு பிளக் தொங்கும் சங்கிலி வயரும் போதும் என்றுதான் தோன்றும். அளவுக் கணக்கில் அது சரி. கொழுவிப் பார்த்தேன், எல்லா விளக்கும் எரிந்தது. டிஸ்ரோஷனை மிதித்ததும் கிற்றாரின் ஒலிபெருக்கியான அம்பில் இருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் ஒன்று கிளம்பியது. டிலேயின் வகையை மாற்றும் குமிழைத் திருப்பினால் கீச்சின் சுருதியும் மாறுகிறது. அதுதான் ஆள் யார் என்று காட்டிக்கொடுத்தது.

சந்தேகம் இருந்தால் உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. சங்கிலியில் இருந்து ஒரு பெடலை மட்டும் கழற்றி, அதற்கு 9 வோல்ற் பற்றரி போட்டுப் பார்ப்பது. கோரஸுக்குப் பற்றரி போட்டேன், சத்தம் அப்படியே. ஓவர்டிறைவுக்குப் போட்டேன், அப்படியே. டிலேக்குப் போட்டதும் பெரும்பங்கு போய்விட்டது. மீதி சூமில் இருந்து வந்தது. அதற்குப் பற்றரிப் பெட்டி வேறு விதம் என்பதால் அதன் சொந்த அடப்டரைத் தனியாகக் கொடுத்தேன். அதோடு முழுச் சுத்தம். இதற்கு மீற்றரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஒரு பற்றரி காணும்.

காரணம் இதுதான். டிஜிற்றல் பெடலுக்குள் இருக்கும் சிப் மின்னோட்டத்தை ஒரே சீராக இழுப்பதில்லை, விட்டு விட்டு வேகமாக இழுக்கும். குளியலறையில் யாராவது குழாயைச் சட்டென்று திறந்தால் குசினிக் குழாயில் தண்ணீர் ஒடுங்குகிறதே, அந்த மாதிரி, பொது வயரில் இருக்கும் சிறு தடையில் அந்த இழுப்பு ஒரு துளி வோல்றேஜ் ஆட்டமாக மாறும். அது கேட்கவே கேட்காத அளவுதான். ஆனால் பக்கத்தில் நிற்பது டிஸ்ரோஷன். வந்த சிக்னலைப் பல நூறு மடங்கு பெருக்குவதே அதன் தொழில், சிக்னலோடு இந்தக் குப்பையையும் சேர்த்துப் பெருக்கிவிடும். இன்னொன்றும் உண்டு. பெடல்களின் மைனஸ் ஏற்கெனவே கிற்றார் வயரின் வெளிப்பின்னல் வழியாக ஒன்றோடொன்று தொடுத்துத்தான் இருக்கிறது. சங்கிலி வயர் அதே மைனஸுக்கு இரண்டாவது பாதை ஒன்றைப் போட்டு ஒரு வளையத்தை உண்டாக்கிவிடுகிறது. பக்கத்தில் ஒரு ரான்ஸ்போமர் இருந்தால் அந்த வளையம் அதன் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே ஒவ்வொரு பெடலுக்கும் தனி மின்சாரம் வேண்டும் என்று பலர் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை. அனலொக் பெடல்கள் நாலும் ஒரே சங்கிலியில் சண்டை இல்லாமல் இருக்கின்றன. ரியூனருக்குள்ளும் சிப் இருக்கிறதுதான், ஆனாலும் என்னுடையது சங்கிலியில் சத்தம் போடவில்லை. டிஜிற்றல் இரண்டும் வரிசையில் டிஸ்ரோஷனுக்குப் பின்னால் நிற்பதால் தங்களுக்குள் ஒரே மின்சாரத்தைப் பகிர்ந்தாலும் குறை தெரியவில்லை. பிரிய வேண்டியது அனலொக் கூட்டமும் டிஜிற்றல் கூட்டமும்தான். ஆறு தேவையில்லை, இரண்டு போதும்.

இரண்டு என்றால் இரண்டு ரான்ஸ்போமர் என்று நினைத்து ஸ்ரான்லி வீதிப் பக்கம் போனேன். அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி றேடியோ திருத்துகிற ஐயா ஒருவர் இருக்கிறார். போர்க்காலத்தில், 1995 இடப்பெயர்வுக்கு முந்திய ஆண்டுகளில், கறண்டே இல்லாமல் கிடந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி டைனமோவில் பாட்டும் செய்தியும் கேட்ட வீடுகளுக்கு டயோட்டும் கண்டென்சரும் வைத்துக் கொடுத்தவர். நான் கேட்டதும், “உதை ஏன் தம்பி ரெண்டாய் வாங்கிறீர்? நடுவயரைப் பிரிச்சுப் பாருமன்” என்றார்.

அந்த ஒரு வரிதான் செலவைப் பாதியாக்கியது. 12-0-12 என்று விற்கிற ரான்ஸ்போமரில் வெளியே வருவது மூன்று வயர். ஓரத்து இரண்டும் 12, நடுவில் இருப்பது பூச்சியம். மஞ்சள் ரேப்பை பிளேட்டால் மெல்லக் கீறி உரித்தால், அந்த நடுவயரின் அடியில் இரண்டு செப்புக் கம்பி முனைகள் ஒன்றாக முறுக்கி ஈயம் வைத்திருப்பது தெரியும். ஒன்று முதல் பாதிச் சுற்றின் முடிவு, மற்றது இரண்டாம் பாதியின் தொடக்கம். ஈயத்தை உருக்கி முறுக்கை அவிழ்த்து, ஒவ்வொரு முனைக்கும் தனி வயர் வைத்தால், ஒன்றையொன்று தொடாத இரண்டு 12 வோல்ற் சுற்றுகள் கிடைத்துவிடும். என்னுடையதில் முறுக்கு இல்லை, ஒரே கம்பி மடிந்து வெளியே வந்திருந்தது. மடிப்பின் உச்சியில் வெட்டினாலும் பலன் ஒன்றுதான். கம்பியில் பூசியிருக்கும் வார்னிஷைப் பிளேட்டால் சுரண்டினால்தான் ஈயம் பிடிக்கும். கம்பி மெல்லியது, மடித்து மடித்து நிமிர்த்தினால் அடியோடு முறியும், பிறகு அந்த ரான்ஸ்போமர் குப்பைக்குத்தான். பிரித்த பிறகு மீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து இரண்டு சுற்றுகளுக்கும் இடையில் தொட்டேன். சத்தம் இல்லை. அந்த அமைதிதான் வேண்டியது.

ரான்ஸ்போமரில் 1 அம்பியர் என்று எழுதியிருந்தது. நான் அதை அரை அம்பியராக வைத்தே கணக்குப் போட்டேன். இந்தச் சின்னச் சாமான்களில் எழுத்தைவிடக் கையில் தெரியும் பாரத்தைத்தான் நம்பலாம். அதுவும் நாலு டயோட்டும் பெரிய கண்டென்சரும் வைத்து நேரோட்டமாக்கும்போது சுற்றின் அளவில் ஏறத்தாழ 60 வீதம்தான் பாதுகாப்பாக எடுக்கலாம். அரை அம்பியருக்கு 300 மில்லி அம்பியர். டிஜிற்றல் கூட்டத்துக்கு வேண்டியது 255. இறுக்கமாக இருந்தாலும் உள்ளே நிற்கிறது.

9 வோல்ற் வேண்டியதற்கு ஏன் 12 வோல்ற் சுற்று என்று கேட்பவர்களுக்கு: வெளியீட்டை 9 வோல்றில் நிலையாக நிறுத்தும் 7809 றெகுலேற்றர் ஒழுங்காக வேலை செய்ய உள்ளே வருவது குறைந்தது 11 வோல்றாவது இருக்க வேண்டும். 9 வோல்ற் சுற்றை நேரோட்டமாக்கினால் உச்சம் 11.3. அதில் கண்டென்சரின் ஏற்ற இறக்கம் ஒரு வோல்றைத் தின்றுவிடும், பிறகு 100 ஹேர்ட்ஸ் இரைச்சல் நேரே பெடலுக்குள் போகும். 12 வோல்ற் என்றால் உச்சம் 15.5, கண்டென்சர் 2200 மைக்ரோ பரட் வைத்தால் ஏற்ற இறக்கம் 1.2 வோல்றுக்குள். பின்னேரத்தில் ஊர் முழுக்க விளக்குப் போட்டுக் கறண்ட் பத்து வீதம் இறங்கினாலும் தாங்கும். இதற்கான விலை சூடு. ஆறரை வோல்றை றெகுலேற்றர் தன்னிலே எரிக்க வேண்டும். 255 மில்லி அம்பியரில் அது ஒன்றரை வாற்றுக்கு மேல். சூட்டை வாங்கும் தகடான ஹீற் சிங்க் இல்லாமல் விட்டால் விரல் வைக்க முடியாது, கொஞ்ச நேரத்தில் தானே தன்னை நிறுத்திக்கொள்ளவும் கூடும். அனலொக் பக்கம் இவ்வளவு சூடு வராது, என்றாலும் அதற்கும் ஒரு தகடு கொடுத்தேன்.

பெட்டிக்கு நான் எடுத்தது செத்துப்போன கொம்பியூட்டர் பவர் சப்ளையின் கூடு. இரும்புத் தகடு, காற்று ஓட்டை, பின்னால் கெற்றில் வயர் மாதிரிச் செருகும் சொக்கற், சுவிட்ச், எர்த் ஆணி எல்லாம் ஏற்கெனவே உண்டு. உள்ளே இருக்கும் அலுமினியத் தகடுகளே ஹீற் சிங்க். ஒரு எச்சரிக்கை: அதற்குள் இருக்கும் பெரிய கண்டென்சர்கள் 300 வோல்றுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றி நாள் கணக்கில் கிடந்ததானாலும் மீற்றரால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஒன்றை வடிவாகக் கவனிக்க வேண்டும். 7809இன் முதுகுத் தகடு உள்ளே அதன் நடுக்காலோடு, அதாவது மைனஸோடு, இணைந்திருக்கிறது. இரண்டு றெகுலேற்றரையும் ஒரே அலுமினியத்தில் நேரடியாகத் திருகிவிட்டால், நடுவயரைப் பிரித்து உண்டாக்கிய பிரிவு அந்தத் திருகாணியிலேயே செத்துவிடும். இரண்டு மைனஸும் மறுபடி ஒன்றுதான். அதனால் தகட்டுக்கும் றெகுலேற்றருக்கும் நடுவில் சூட்டை விட்டு மின்சாரத்தை மறிக்கும் மைக்காத் தாள், திருகாணிக்குப் பிளாஸ்ரிக் வளையம். இரண்டும் பழைய சப்ளையின் ரான்சிஸ்ரர்களின் அடியிலேயே இருந்தன, சூட்டுப் பசையோடு சேர்த்துக் கழற்றி எடுத்தேன். திருகிய பிறகு இரண்டு மைனஸுக்கும் இடையில், பிறகு ஒவ்வொரு மைனஸுக்கும் கூட்டுக்கும் இடையில் மீற்றர் வைத்தேன். மூன்று இடத்திலும் தொடர்ச்சி இருக்கக் கூடாது. கூடு மட்டும் எர்த்தில். பெடல்களின் மைனஸுக்கு எர்த் கிற்றார் வயர் வழியாக அம்பில் இருந்து வரட்டும், அந்த ஒரு வழி போதும்.

மற்றவை வழக்கமானவை. 230 வோல்ற் பக்கம் 250 மில்லி அம்பியர் மெதுவாக உருகும் பியூஸ், ஒவ்வொரு றெகுலேற்றரின் காலடியிலும் 0.33, 0.1 மைக்ரோ பரட் சின்னக் கண்டென்சர்கள், வெளியீட்டில் ஒரு 100. 230 வோல்ற் தொடும் ஒவ்வொரு ஒட்டுக்கும் சுருங்கும் குழாய். இந்தப் பக்கத்தில் கை பழகாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள்.

பெட்டியைப் பெடல் பலகையின் அடியில் பொருத்த ஆசைதான், ஆனால் உயரம் எட்டரை சென்ரிமீற்றர். அதோடு பாதத்தால் முன்னும் பின்னும் சாய்த்து வாசிக்கும் வா பெடலுக்குள் இருக்கும் சுருள் ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் வந்தால் இரையத் தொடங்கும். என்னிடம் இப்போது வா இல்லை, நாளைக்கு வராதென்று சொல்ல முடியாது. பெட்டி அம்புக்குப் பின்னால் தரையில் இருக்கட்டும் என்று விட்டேன். அங்கிருந்து பலகைக்கு ஒரே ஒரு வயர், உள்ளே நாலு கம்பி: இரண்டு பிளஸ், இரண்டு மைனஸ். மைனஸ் இரண்டையும் ஒன்றாக்கி மூன்று கம்பியில் முடிக்கலாமே என்று கை அரிக்கும். முடித்தால் பழைய கீச்சு திரும்பிவிடும். முனையில் பழைய கசற் செற்றுகளில் வருகிற ஐந்து முள் டின் பிளக். கிற்றார் வயரோடு மாறிச் செருக முடியாது என்பதுதான் அதன் பெரிய குணம்.

சங்கிலி வயருக்குப் பிளக் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஐயா எட்டிப் பார்த்து, “நடுவிலை மைனஸோ? தலைகீழாய் எல்லோ கிடக்கு” என்றார். றேடியோக்காரருக்கு அது தலைகீழ்தான், பெடல்காரர்களுக்கு அதுதான் வழக்கம். பெடலுக்குள் இருக்கும் பற்றரியின் மைனஸை, கிற்றார் வயர் செருகும் ஜாக் சேர்த்துப் பிரிக்கிறது. வயரைக் கழற்றினால் பற்றரி ஓய்வு. பற்றரியின் பிளஸை அடப்டர் சொக்கற்றில் இருக்கும் சுவிட்ச் பிரிக்க வேண்டும். அந்தச் சுவிட்ச் சொக்கற்றின் வெளிப்பக்கத் தகட்டில்தான் இருக்கிறது. அதனால் பிளஸ் வெளியே போய்விட்டது, மைனஸ் நடுவுக்கு வந்தது. காரணத்தைச் சொன்னதும் அவர், “சரி, காரியமாத்தான் செய்திருக்கிறாங்கள்” என்று விட்டுவிட்டார்.

இதில் இருந்து வரும் தொல்லையும் உண்டு. பிளக்கின் வெளியே தெரிகிற வெள்ளி உடம்பு பிளஸ். செருகாமல் தொங்குகிற பிளக் ஒன்று பெடலின் இரும்பு உடம்பிலோ கிற்றார் ஜாக்கிலோ பட்டால் அந்தச் சங்கிலி முழுக்க ஷோர்ட். பாட்டின் நடுவில் நாலு பெடலும் ஒன்றாக அணையும். சும்மா இருக்கும் பிளக்குகளுக்குச் சைக்கிள் ரியூப்பில் கீலம் வெட்டிச் சுற்றி நூலால் கட்டிவிட்டேன்.

கடைசியில், மேலே கணக்கில் சேர்க்காத ஃபஸ், இன்னும் முரட்டுக் கரகரப்புத் தரும் பெடல். நான் செய்த ஜேர்மேனியம் ஃபஸ்ஸில் இருப்பது பிளஸும் மைனஸும் இடம் மாறி வேலை செய்யும் பிஎன்பி வகை ரான்சிஸ்ரர், ஆகவே அதன் உடம்பு பிளஸ். இதை மற்றவற்றோடு ஒரே சங்கிலியில் போட்டால் கிற்றார் வயரின் பின்னல் வழியாக பிளஸும் மைனஸும் நேரே முட்டிக்கொள்ளும். இதற்கென்று மூன்றாவது சுற்று தேடலாம்தான். ஆனால் அது இழுப்பது ஒரு மில்லி அம்பியருக்கு அக்கம்பக்கம். சாதாரண 9 வோல்ற் பற்றரி நூற்றுக்கணக்கான மணித்தியாலம் வரும். வாசித்து முடிந்ததும் உள்ளே வரும் வயரைக் கழற்றினால் சரி. வயர் சிக்கலை ஒழிக்கிறேன் என்று இருக்கிற பற்றரியையும் ஒழிக்கத் தேவையில்லை.

பலகை பனஞ்சிலாகை. பழைய கூரை பிரித்த வீடொன்றில் வாங்கியது. கறுப்பு நார் இரும்பு மாதிரி இறுகியிருந்தது, ஆணி அடித்தால் பிளக்கும், வாள் சீக்கிரம் மழுங்கும். முதலில் துளை போட்டுத் திருகாணிதான் ஏற்ற வேண்டும். நாலு சிலாகையை இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்தேன், வயர் எல்லாம் அந்த இடைவெளியால் அடிக்குப் போகிறது. சிராய் ஏறும், ஆகவே அரத்தாளால் நன்றாகத் தேய்த்து இரண்டு பூச்சு வார்னிஷ். பாரம் கொஞ்சம் கூட. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொழுவிப் பார்த்ததில் கீச்சு இல்லை. டிஸ்ரோஷனை முழுக்கத் திறந்து டிலேக் குமிழைத் திருப்பினேன், ஒன்றும் இல்லை. பிறகு திருவிழா மேடையில் ஜெனரேற்றரில் ஓடியபோது இரைச்சல் ஒன்று கேட்டது, பேஸ் வாசிப்பவர் உடனே என் பெட்டியைப் பார்த்தார். இங்கே ஒரு சோதனை உதவும். கிற்றாரின் வொலியூமைப் பூச்சியமாக்குங்கள். இரைச்சல் போய்விட்டால் அது கிற்றாரின் பிக்கப், அதாவது தந்தியின் அடியில் இருக்கும் காந்தச் சுருள், வெளியில் இருந்து பிடிப்பது. மின் அலங்காரம், ரியூப் லைற், ரான்ஸ்போமர் எல்லாம் அதற்குள் வரும். மின்பெட்டி அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, திரும்பி நின்று வாசிக்கலாம். பூச்சியமாக்கியும் நின்றால்தான் பெடலையும் மின்சாரத்தையும் சந்தேகப்பட வேண்டும். காதாலும் பிரித்துப் பார்க்கலாம். றெகுலேற்றர் மூச்சுத் திணறினால் வருவது 100 ஹேர்ட்ஸ், ஆறாம் தந்தியில் மூன்றாம் கட்டையை அழுத்தினால் வரும் ஜி சுருதி 98. இரைச்சல் அந்தத் தந்தியோடு கிட்டத்தட்ட ஒத்து, ஒரு முடி மேலே நின்றால் கண்டென்சரைப் பாருங்கள். அன்றைக்கு என்னுடையது வொலியூமோடு சேர்ந்து போய்விட்டது. மேடையின் சீரியல் பல்புகள்தான் காரணம்.

கறண்ட் போனால் ஓட 12 வோல்ற் பற்றரியும் வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அம்பும் சேர்ந்து போகிற ஊரில் பெடல் மட்டும் உயிரோடு இருந்து என்ன செய்ய? ரான்ஸ்போமருக்குப் பதிலாகப் பிரிந்த மின்சாரம் தரும் ஒரு வாற் ஐசோலேற்றட் மொடியூல்கள் என்ற சின்னத் துண்டுகளைப் பற்றியும் கேட்டார்கள். அவற்றால் 9 வோல்றில் 111 மில்லி அம்பியர்தான் தர முடியும், சூமுக்கே காணாது. குறைவாக இழுக்கும் பெடலில் போட்டால் 9ஐத் தாண்டி ஏறிவிடும், இரண்டு மூன்று சேர்ந்தால் ஒன்றோடொன்று மோதிப் புதிய கீச்சும் தரலாம். பாரமான ரான்ஸ்போமருக்கு அந்தக் குணம் இல்லை.

250, 300 மில்லி அம்பியர் இழுக்கும் பெரிய றிவேர்ப் பெடல் ஒன்றைச் சேர்க்க நினைப்பவர்கள் அதை டிஜிற்றல் சுற்றில் ஏற்ற வேண்டாம், அங்கே மிச்சம் 45தான். அதே கூட்டுக்குள் இன்னொரு சின்ன ரான்ஸ்போமருக்கு இடம் இருக்கிறது. சுற்று இதேதான், மைக்காவை மட்டும் மறக்காதீர்கள். டின் பிளக்கின் ஐந்து முள்ளில் நாலு ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் இருக்கும் ஒன்றால் புதிய பிளஸையும் மைனஸையும் சேர்த்துக் கொண்டுபோக முடியாது, ஆறு முள் பிளக் தேட வேண்டும்.